வாத்தியார் ரிடையர் ஆனால் 'லேத்'தும் ரிடையரா?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்து விட்டால் போதும். கீழ்வேளூர் கடைத்தெருவில் ஒரே கேள்விதான். "பையன் என்ன குரூப்?"

கேடிலியப்பர் கோயில் வாசலிலும் அதே பேச்சு. நாகப்பட்டினம் போகும் பஸ்சிலும் அதே பேச்சு. திருவாரூர் ரெயிலிலும் அதே பேச்சு. "பர்ஸ்ட் குரூப்" என்று பதில் வந்தால் அப்பாவுக்குத் தோள் நிமிர்கிறது. "காமர்ஸ்" என்றால், "சரி, பரவாயில்லை" என்கிறார்கள். "தொழிற்பிரிவு" என்று சொல்லிப் பாருங்கள். பேச்சு அப்படியே நின்று விடும். "ஏன், மார்க் பத்தலையா?" என்று கேட்டு விட்டு டீயை ஆற்றத் தொடங்கி விடுவார்கள்.

இப்படி ஒரு கெட்ட பெயர் அந்தக் குரூப்புக்கு எப்படி வந்தது? அந்தப் பெயருக்கு அது தகுதியானதுதானா?

முதலில், அதில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பிளஸ்-1, பிளஸ்-2 தொழிற்பிரிவில் அடிப்படை இயந்திரவியல் உண்டு. மின் பொறியியல் உண்டு. மின்னணு உண்டு. கட்டடம், மோட்டார் வாகனம் உண்டு. நெசவு, ஆடை வடிவமைப்பு, செவிலியம், வேளாண் அறிவியல், அலுவலக மேலாண்மை, கணினித் தொழில்நுட்பம் எல்லாம் உண்டு. 2018-ல் பாடத்திட்டம் மாறியபோது புத்தகமும் புதுசாக வந்தது. அதற்கு முன்னால் படித்தவர்கள் "ஜி.எம். குரூப்", "ஈ.எம்.ஏ. குரூப்" என்றால்தான் தெரிந்து கொள்வார்கள். ஜெனரல் மெஷினிஸ்ட், எலெக்ட்ரிக்கல் மெஷின்ஸ் அண்டு அப்ளையன்சஸ் என்பதன் சுருக்கம் அது. இன்றைக்கு டெல்டாவில் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறவர்கள், மோட்டார் 'காயில்' கட்டுகிறவர்கள் மத்தியில் விசாரித்தால் இந்தக் குரூப் படித்தவர்கள் கிடைப்பார்கள்.

புத்தகம் சரி. சொல்லித் தர ஆள்?

அங்கேதான் கோளாறு.

1978-ல் வந்த கதை

தமிழ்நாட்டில் பி.யூ.சி. போய், 11 வருஷ எஸ்.எஸ்.எல்.சி. போய், '10+2' வந்தது 1978-ல். எம்.ஜி.ஆர். முதல்-அமைச்சராக இருந்த நேரம். பொதுப்பிரிவு ஒரு பக்கம், தொழிற்பிரிவு ஒரு பக்கம் என்று இரண்டு வாசலோடுதான் மேல்நிலைப் பள்ளியே பிறந்தது. 1980 மார்ச்சில் முதல் பிளஸ்-2 தேர்வு நடந்தது. வேலூரில் பிறந்து, யுனெஸ்கோவில் பெரிய பதவி பார்த்து, சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த மால்கம் ஆதிசேஷையா தலைமையில் ஒரு தேசியக் குழு அதே 1978-ல் அறிக்கை கொடுத்தது. படிப்பும் வேலையும் கைகோத்துப் போக வேண்டும் என்பதே அதன் சாரம்.

அதற்கும் முன்னால், 1950-களிலேயே ஹைஸ்கூலில் என்ஜினீயரிங், செக்ரட்டேரியல், விவசாயம், நெசவு என்று சிறப்புப் பாடம் இருந்தது. வீட்டில் தாத்தா இருந்தால் கேட்டுப் பாருங்கள். "பைபர்கேட்டட் கோர்ஸ்" என்பார்.

1986-ல் வந்த தேசியக் கல்விக் கொள்கை கணக்கே போட்டது. மேல்நிலை மாணவர்களில் 1990-க்குள் 10 சதவீதம் பேர், 1995-க்குள் 25 சதவீதம் பேர் தொழிற்கல்விக்கு வர வேண்டும் என்று. வந்தார்களா? வரவில்லை. கெடு தேதியைத்தான் தள்ளி வைத்தார்கள்.

தமிழ்நாட்டில் வேறு ஒரு கூத்து. தொடக்கத்தில் இந்தக் குரூப்புகளுக்கு எடுத்த ஆசிரியர்கள் வயதாகி ஒவ்வொருவராக ஓய்வு பெற்றார்கள். அந்த இடத்துக்குப் புது ஆள் போட வேண்டியதுதானே? பல அரசுப் பள்ளிகளில் போடவில்லை. ஆசிரியர் மாலையோடு வீட்டுக்குப் போனார். அவர் எடுத்த பாடப்பிரிவும் அவரோடு போய் விட்டது. மெஷின் அறைக்குப் பூட்டு. பிறகு, "பிள்ளைகளே சேருவதில்லை" என்று ஒரு காரணம். ஆசிரியர் இல்லாத குரூப்பில் எந்தப் பிள்ளை சேரும்? ஓட்டல் அடுப்பை அணைத்து விட்டு, சாப்பிட யாரும் வரவில்லை என்று புகார் சொல்வது போல இருக்கிறது இது.

இன்னொரு பக்கம் பாருங்கள். 2012-ல் ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல் என்று சொல்லித் தர 16 ஆயிரத்து 549 பேரைப் பகுதிநேர ஆசிரியர்களாக எடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை. மாதம் ரூ.5 ஆயிரம் சம்பளம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னையில் எத்தனை தடவை ரோட்டில் உட்கார்ந்தார்கள் என்பது பேப்பர் படிக்கிறவர்களுக்குத் தெரியும். கைவேலை சொல்லித் தருகிறவருக்கு அரை நாள் போதும் என்கிற நினைப்பு எங்கிருந்து வருகிறது?

பயத்துக்கும் காரணம் உண்டு

பெற்றோரை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. கைத்தொழில் என்றால் தமிழ்நாட்டில் ஒரு பழைய பயம் உண்டு. 1953-ல் ராஜாஜி கொண்டு வந்த திட்டத்தில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாதி நேரம் பள்ளி. மீதி நேரம் வீட்டில் அப்பன் தொழில். "குலக்கல்வி" என்று பெயர் விழுந்தது. பெரிய எதிர்ப்பு கிளம்பியது. 1954-ல் காமராஜர் முதல்-அமைச்சர் ஆனதும் அது கைவிடப்பட்டது.

டெல்டாவில் இந்தப் பயம் இன்னும் ஆழம். கீழ்வேளூர் தாலுகாவில்தான் கீழ்வெண்மணி இருக்கிறது. 1968 டிசம்பர் 25-ந் தேதி இரவு, கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்ட ஊர். அந்த மண்ணில் ஒரு தாய் தன் மகனிடம், "நீ சேத்துல இறங்காதடா. பேனா புடிச்சு உட்காருடா" என்று சொன்னால் அதில் என்ன தப்பு? இரண்டு மூன்று தலைமுறை வலி பேசுகிறது.

ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். அப்பன் செய்ததையே மகனும் செய் என்பது குலக்கல்வி. நாற்று நட்டவர் மகளுக்கு வோல்ட் மீட்டரும், கூலி அறுப்புக்குப் போனவர் மகனுக்கு லேத்தும் கணக்கும் சேர்த்துக் கொடுப்பது அதற்கு நேர் எதிர். அவர்கள் வீட்டில் அது இல்லை. தனியார் கோச்சிங்குக்குப் பணமும் இல்லை. பள்ளிக்கூடத்தில் கிடைத்தால் உண்டு. அந்த அறைக்குப் பூட்டுப் போட்டால் யாருக்கு நஷ்டம்? காரில் வந்து இறங்குகிற பிள்ளைக்கா?

மழை வந்தால் தெரியும்

2018 நவம்பர் 16-ந் தேதி அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பல்லாயிரம் மின்கம்பங்கள் சாய்ந்தன. சில கிராமங்களில் வாரக்கணக்கில் இருட்டு. கம்பம் நட, கம்பி இழுக்க எங்கிருந்து ஆள் வந்தார்கள்? வெளி மாவட்டங்களில் இருந்து வந்தார்கள். கேரளாவில் இருந்தும் வந்தார்கள். சேற்றில் நின்று ராப்பகலாக உழைத்த அந்தக் கைகளுக்கு டெல்டா கடன்பட்டது. ஆனால் உள்ளூரிலேயே ஊருக்குப் பத்து பேர் முறையாக மின்வேலை தெரிந்தவர்கள் இருந்திருந்தால்?

புயல் கூட வேண்டாம். ஒவ்வொரு மழைக்காலமும் "மின்சாரம் தாக்கி விவசாயி பலி" என்று ஒரு செய்தி வராமல் போவதில்லை. மோட்டார் கொட்டகையில் எர்த் இருக்காது. கம்பி தோல் உரிந்து கிடக்கும். ஈரக்கையோடு சுவிட்சைத் தொடுவார். முடிந்தது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை வெட்டி விடும் சின்னப் பெட்டி ஒன்று இருக்கிறது. அது ஏன் வேண்டும், எர்த் குழியை எப்படித் தோண்ட வேண்டும் என்பது மின் பொறியியல் குரூப் பிள்ளை கற்றுக் கொள்ள வேண்டிய சமாசாரம். இது வேலை வாய்ப்பு மட்டும் அல்ல; உயிர் விஷயம்.

அறுவடையைப் பாருங்கள். சம்பா முற்றினால் சேலம், ஆத்தூர் பக்கமிருந்து அறுப்பு மெஷின்கள் டெல்டாவுக்கு வருகின்றன. வயல் காய்ந்திருந்தால் டயர் வண்டி. ஈரமாக இருந்தால் பெல்ட் வண்டி. வண்டியும் வெளியூர், டிரைவரும் வெளியூர், ரிப்பேர் என்றால் மெக்கானிக்கும் வெளியூர். தை மாதம் மழை மேகம் கூடி நிற்கும்போது மெஷின் ஒரு நாள் படுத்தால் கதிர் சாயும், நெல் முளைக்கும், கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் என்று திருப்பி அனுப்புவார்கள். நெல் விளையும் பூமியில் நெல் அறுக்கும் மெஷினைப் பிரித்து மாட்டத் தெரிந்த ஆள் குறைவு என்பது வெட்கப்பட வேண்டிய சங்கதி.

நாகப்பட்டினம் துறைமுகத்தில் படகு என்ஜின் இருக்கிறது. நாகூர் பக்கம் பனங்குடியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை விரிவாக்கத்துக்கு 2021 பிப்ரவரியில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். அந்த மாதிரி இடத்துக்கு வெல்டர் வேண்டும், பிட்டர் வேண்டும், கருவி பார்த்து அளவு சொல்லுகிறவர் வேண்டும். உள்ளூர்ப் பையன் வாட்ச்மேன் வேலைக்கு மட்டும் மனு போடும் நிலை வரலாமா?

கேமராவும் தொழில்தானே!

தொழிற்பிரிவுப் பட்டியலில் ஒன்று இல்லை. கேமரா.

"அது எதுக்குப் பள்ளிக்கூடத்துல? கெட்டுப் போவான்" என்று சிலர் சொல்லக்கூடும். ஒரு நிமிஷம். கல்யாண மண்டபம் இல்லாத ஊர் உண்டா? வேளாங்கண்ணித் திருவிழா, நாகூர் கந்தூரி, கோயில் தேரோட்டம் என்று வருஷம் பூராவும் வீடியோ வேலை நடக்கிறது. கேசட் காலம் போய் டிரோன் காலம் வந்து விட்டது. வீடியோ எடுக்கிற பையன்கள் எல்லாம் அண்ணன் பின்னால் லைட் பிடித்துக் கொண்டு நின்று கற்றவர்கள். அண்ணன் சொன்னது தெரியும். ஏன் என்று தெரியாது.

ஒரு உதாரணம். மண்டபத்தில் எடுத்த வீடியோவில் பட்டை பட்டையாக ஏதோ ஓடும். பொண்ணு மாப்பிள்ளை முகத்தில் வெளிச்சம் மினுக் மினுக் என்று அடிக்கும். கேமரா கோளாறு என்று நினைத்து விற்றவர்கள் கூட இருப்பார்கள். விஷயம் வேறு. வீட்டுக்கு வரும் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பல்பு இரண்டு தடவை மங்கித் தெளியும். கேமரா ஷட்டரை 1/50 அல்லது 1/100 வினாடியில் வைத்தால் பட்டை நின்று விடும். நமது டி.வி. வினாடிக்கு 25 படம் என்று ஓடுவதற்கும் அந்த 50-தான் மூலம். இயற்பியல் புத்தகத்தில் வரும் மாறுமின்னோட்டம், கல்யாண வீடியோவில் வந்து நிற்கிறது! இதை ஒரு தடவை செய்து பார்த்த பிள்ளை பரீட்சையிலும் மறக்காது.

மற்றவர்கள் செய்யவில்லையா? சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் 'மாஸ் மீடியா' விருப்பப் பாடமாக இருக்கிறது. பக்கத்துக் கேரளாவில் மேல்நிலைப் பள்ளியில் ஜர்னலிசம் பாடம் உண்டு. அங்கே 2018-ல் 'லிட்டில் கைட்ஸ்' என்று அரசு உயர்நிலைப் பள்ளிகளில் தொடங்கினார்கள். அனிமேஷன், எலெக்ட்ரானிக்ஸ், கேமரா எல்லாம் பிள்ளைகளே பழகுகிறார்கள். பள்ளி விழாவை அவர்களே படம் பிடித்து, வெட்டி ஒட்டிச் செய்தியாக்குகிறார்கள்.

தமிழ்நாடு சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. 2011 முதல் பல ஆண்டு பிளஸ்-2 பிள்ளைகள் கைக்கு லேப்டாப் வந்தது. 2019-ல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. ஹைடெக் லேப் வந்தது. 2022-ல் 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' என்று பிள்ளைகளுக்கே பத்திரிகை வந்தது. மெஷின் வாங்குவதில் நமக்குக் கஞ்சத்தனம் இல்லை. லேப்டாப்பில் படம் பார்த்த பிள்ளைகள் ஏராளம். அதே லேப்டாப்பில் படம் வெட்டச் சொல்லித் தந்த பள்ளிகள் எத்தனை?

டிரோன் விஷயமும் அப்படித்தான். 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி டிரோன் ஓட்டும் சான்றிதழுக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும்; பத்தாவது பாஸ் செய்திருக்க வேண்டும்; அனுமதி பெற்ற இடத்தில் பயிற்சி எடுக்க வேண்டும். பிளஸ்-2 முடிக்கும்போது பையனுக்குக் கிட்டத்தட்ட அந்த வயசுதான். கல்யாணத்தில் படம் எடுக்கவும் டிரோன். வயலில் மருந்து தெளிக்கவும் டிரோன். கீழ்வேளூருக்கு வேளாண் கல்லூரியே வந்து விட்டது. திருவாரூர் பக்கம் நீலக்குடியில் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பள்ளியும் கல்லூரியும் கை கோத்தால் வாரத்தில் ஒரு நாள் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போய்க் காட்ட முடியாதா? நர்சிங் குரூப் பிள்ளைகள் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பழகுவது புது வழக்கம் அல்லவே!

வாசல் மூடி இல்லை

"தொழிற்பிரிவு எடுத்தால் மேலே படிக்க முடியாது" என்று ஒரு வதந்தி உலாவுகிறது. தவறு. பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷம் சேரலாம். அங்கிருந்து பி.இ. இரண்டாம் வருஷத்துக்குப் போகலாம். பாடங்கள் பொருந்தினால் என்ஜினீயரிங் கவுன்சிலிங்கில் தொழிற்பிரிவு மாணவர்களுக்கென்று தனி இடமே உண்டு. 2021 முதல், ஆறாவதில் இருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு என்ஜினீயரிங் போன்ற படிப்புகளில் 7.5 சதவீதம் இட ஒதுக்கீடும் இருக்கிறது. அதில் சேருகிறவர்களுக்குக் கட்டணத்தை அரசு ஏற்கிறது. உடனே சம்பாதிக்க வேண்டிய வீடா? 1961-ம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டத்தை 1986-ல் திருத்தி, பிளஸ்-2 தொழிற்பிரிவு முடித்தவர்களையும் சேர்த்தார்கள். உதவித் தொகையோடு பயிற்சி.

இத்தனை வாசல் இருப்பது பிள்ளைக்குத் தெரியாது. பெற்றோருக்குத் தெரியாது. அட்மிஷன் மேஜையில் உட்கார்ந்திருப்பவர் எல்லோருக்கும் தெரியுமா என்பதும் சந்தேகம்.

ஐ.டி.ஐ.க்கு அரசு செலவு செய்யவில்லையா என்றால், செய்திருக்கிறது. 71 அரசு ஐ.டி.ஐ.க்களை டாட்டா டெக்னாலஜீஸ் நிறுவனத்தோடு சேர்ந்து ரூ.2 ஆயிரத்து 877 கோடியில் நவீனமாக்கும் திட்டம் 2022-ல் வந்தது. ரோபோவும் புது மெஷினும் இறக்கினார்கள். நல்ல காரியம். 'நான் முதல்வன்' திட்டமும் அதே 2022-ல் வந்தது. வரவேற்கலாம். ஆனால் ஐ.டி.ஐ. என்பது பள்ளியை விட்டு வெளியே போகிற பிள்ளைக்கு. பள்ளியில் இருந்து கொண்டே, தமிழும் ஆங்கிலமும் படித்துக் கொண்டே, கையாலும் கற்க நினைக்கிற பிள்ளைக்கு இருந்த வாசல்தான் சாத்தப்படுகிறது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுப்பது என்ன கணக்கு?

என்ன செய்யலாம்?

ஓய்வு பெற்ற தொழிற்கல்வி ஆசிரியர் இடத்தை ஒழிக்கக் கூடாது, நிரப்ப வேண்டும். பொறியியல் பட்டமும் டிப்ளமோவும் வாங்கி விட்டு டெலிவரி பையோடு சுற்றுகிற வாலிபர்கள் நாகையிலும் திருவாரூரிலும் இல்லையா? அவர்களில் தகுதியானவர்களுக்குத் தேர்வு வைத்து முழு நேர வேலை கொடுக்கலாம். எல்லாப் பள்ளியிலும் எல்லாக் குரூப்பும் வைக்க முடியாதுதான். பத்து மைல் சுற்றளவில் ஒரு பள்ளியில் மோட்டார் மெக்கானிசம், இன்னொன்றில் மின்சாரம், வேறொன்றில் கேமராவும் எடிட்டிங்கும் என்று பிரித்துக் கொண்டால் பிள்ளைகள் பஸ் பாசில் போய் வருவார்கள். கணக்குப் பாடத்தை மட்டும் எந்தக் குரூப்பிலும் வெட்டக் கூடாது. அதை வெட்டினால் மேல்படிப்பு வாசல் நிஜமாகவே மூடிக் கொள்ளும். பெண் பிள்ளைகளைத் தையலுக்கும் நர்சிங்குக்கும் மட்டும் தள்ளி விடுகிற பழக்கமும் போக வேண்டும். லேத்துக்கு ஆண் பெண் தெரியாது.

பெற்றோர் சும்மா இருந்தால் நடக்காது. ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. தலைவர், பெற்றோரில் ஒருவர். அந்தக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, நாகப்பட்டினத்தில் முதன்மைக் கல்வி அலுவலரிடம் கொடுக்கலாம். திங்கட்கிழமை தோறும் கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. அங்கேயும் ஒரு பிரதி கொடுத்து ரசீது வாங்கிக் கொள்ளலாம். "தொழிற்பிரிவு வேண்டும்" என்று ஒற்றை வரி எழுதினால் பைலோடு தூங்கி விடும். எந்தப் பாடம் வேண்டும், இந்த வருஷம் பத்தாவதில் எத்தனை பேர் அதில் சேரத் தயார், பள்ளியில் இருக்கிற மெஷின் எத்தனை, அதில் ஓடுவது எத்தனை, ஆசிரியர் இடம் எந்த வருஷத்தில் இருந்து காலி என்று எண்ணிக்கையோடு எழுத வேண்டும். சேரத் தயாராக இருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் கையெழுத்தும் கூடவே இருக்கட்டும்.